நெடுந்தீவில் வெள்ளி பார்த்த இரவு

அண்ணாந்து வானத்தைப் பார்ப்பது நம்மில் பலருக்கு நீண்ட காலமாகப் பயத்தின் காரியமாகவே இருந்தது. 'வண்டு' இரைகிறதா, 'கிபிர்' வருகிறதா, எந்தப் பக்கம் பரா லைற் எரிகிறது என்று அறியத்தான் வன்னியில் இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். 2009ஆம் ஆண்டு மே மாதத்தோடு அந்தச் சத்தங்கள் நின்றன. பழக்கம் மட்டும் நிற்கவில்லை. களப்பணிக்காக முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமங்களுக்குப் போகும்போது, பொழுதுபட்ட பிறகு முற்றத்தில் இருக்க விரும்பாத அம்மாமார் பலரைச் சந்தித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் நுளம்பு என்பார்கள், பனி என்பார்கள். ஒரு சிலர்தான் உள்ளதைச் சொல்வார்கள்: "இரவில மேல பாத்தால் நெஞ்சு இடிக்குது மிஸ்."

அப்படிப்பட்ட பெண்கள் சிலரோடு நெடுந்தீவுக்குப் போய், ஓர் இரவு முழுவதும் வெள்ளி பார்த்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நட்சத்திரத்தை நமது ஊர்களில் வெள்ளி என்போம். பழந்தமிழில் மீன் என்றார்கள். கடலிலும் மீன், வானத்திலும் மீன். கடற்கரைப் பெண்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

தாரகைப் படகில்

2023 பெப்ரவரி 18, சனிக்கிழமை. மூன்று கிராமங்களின் மாதர் சங்கங்களைச் சேர்ந்த இருபத்திரண்டு பெண்கள் பனையோலைக் கைப்பணி பற்றிய அனுபவப் பகிர்வுக்காகப் புறப்பட்டோம். அன்று மகா சிவராத்திரி. "எப்பிடியும் நித்திரை கொள்ளாத இரவு, அதைத் தீவிலேயே முழிப்பம்" என்று திகதியைத் தெரிவு செய்தவர்களும் அவர்களே. குழுவில் கத்தோலிக்கப் பெண்கள் நால்வர் இருந்தார்கள். அவர்களும் முழித்திருப்பதாகச் சொன்னார்கள்.

பரந்தன், ஆனையிறவு, யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ் ஓடிக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்றது. அங்கிருந்து கடலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நெடுந்தீவுச் சேவைக்கு என்று வந்த படகுகளில் ஒன்றின் பெயர் வடதாரகை, இன்னொன்றின் பெயர் நெடுந்தாரகை. தாரகை என்றாலும் நட்சத்திரந்தான். எங்கள் பயணத்துக்குப் பொருத்தமான பெயர் என்று ஒரு தங்கச்சி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் இந்தக் கடலுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் இதே வழியால் வந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். தீவில் இறங்கியதும் எங்கள் பெண்கள் முதலில் விசாரித்தது அவர்களுக்கான நினைவுத்தூபி எங்கே என்றுதான். துயரப்பட்ட இடத்துக்குப் போனால் முதலில் துக்கம் விசாரிக்க வேண்டும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் கொண்ட தட்டையான நிலம். முருகைக்கற்களை அடுக்கிய கல்வேலிகள், பனைகள், பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலத்திலிருந்து பெருகி வந்த குதிரைகள் என்று பகலில் பார்க்க நிறைய உண்டு. அவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். இரவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மலையும் இல்லை, மாடிக்கட்டடங்களும் இல்லை. வெளிச்சம் குறைந்த தெற்குப் பக்கத்து வெட்டைவெளியில் நின்றால் நான்கு திசையிலும் வானம் நிலத்தில் வந்து முட்டும்.

விளக்குமாறு கொண்ட கிழவி

அங்குள்ள பெண்கள் தேத்தண்ணிக் கேத்தல்களோடும் பாய்களோடும் எங்களை அந்த வெளிக்குக் கூட்டிப் போனார்கள். ரோர்ச்சுகளையும் தொலைபேசிகளையும் அணைக்கச் சொன்னேன். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அந்த இருபது நிமிடமும் யாரும் மேலே பார்க்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நிலத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்போதுதான் உள்ளூர் ஆச்சி ஒருவர் கதை சொல்லத் தொடங்கினார். முன்னொரு காலத்தில் வானம் இவ்வளவு உயரத்தில் இல்லையாம். தலையில் முட்டும் அளவுக்குக் கீழே இருந்ததாம். ஒரு கூன் கிழவி முற்றம் கூட்டும்போதெல்லாம் அவளுடைய முதுகில் இடித்துக்கொண்டே இருந்ததாம். பொறுத்துப் பார்த்த கிழவி ஒருநாள் நிமிர்ந்து, "போ அங்கால" என்று விளக்குமாற்றால் ஓங்கி ஒன்று போட்டாளாம். அடி வாங்கிய வானம் மேலே ஓடினது ஓடினதுதான், பிறகு இறங்கி வரவேயில்லையாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "ஆச்சி, அந்த விளக்குமாறை எங்களிட்டைத் தந்திருக்கலாமே. எங்களுக்கும் வானம் முதுகில இடிச்சதுதானே." சிரிப்பு வெடித்தது. சிரித்த வாக்கில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டார்கள்.

மேற்கே அந்திவெள்ளி பளிச்சென்று நின்றது. அதற்கு மேலே, கைமுட்டி ஒன்றின் அளவு தள்ளி, வியாழன். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே என்பதும், அது நட்சத்திரமல்ல, சூரியனைச் சுற்றும் சுக்கிரன் என்ற கோள் என்பதும் பலருக்குப் புதிய செய்தி. உடனே ஆச்சி இன்னொரு கதையை எடுத்துவிட்டார். மடத்தில் படுத்திருந்த செட்டியார் ஒருவர், சாமத்தில் எழுந்த பிரகாசமான வெள்ளி ஒன்றை விடிவெள்ளி என்று நம்பி வண்டி கட்டிப் புறப்பட்டு, இருட்டில் கள்வரிடம் பொருளைப் பறிகொடுத்தாராம். அதனால் அதற்குச் 'செட்டியைக் கெடுத்த வெள்ளி' என்று பெயராம். மணிக்கூடு இல்லாத காலத்தில் வழிப்பயணம் போனவர்களை எச்சரித்த கதை இது.

தலைக்கு நேர் மேலே ரோகிணிக்கு அருகில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் செவ்வாய் என்றேன். செவ்வாய்க் குற்றத்தால் மகளின் கலியாணம் மூன்று முறை குழம்பிய தாய் ஒருவர் எங்களோடு இருந்தார். நெடுநேரம் அதையே பார்த்தார். "உதுவோ? உந்தக் குறுணிதானோ என்ர பிள்ளையை வீட்டில இருத்தி வைச்சிருக்குது?" என்றார். பூமியின் விட்டத்தில் பாதியளவே உள்ள, மண்ணும் கல்லும் நிறைந்த உலகம் அது. பிள்ளையை வீட்டில் இருத்தி வைத்திருப்பது செவ்வாயா, நாமா என்று அவ்விடத்தில் ஒரு நல்ல வாக்குவாதம் நடந்தது. சாத்திரத்தை நம்புகிறவர்களும் அதில் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள்.

ஆறு தாய்மார்

செவ்வாய்க்குக் கிட்ட, மேற்குச் சாய்வாக, சிறு கொத்தாகத் தெரிந்தது கார்த்திகைக் கூட்டம். நமது கடற்றொழிலாளர்கள் ஆறாமீன் என்று சொல்வது இதைத்தான். கண்ணுக்குப் பொதுவாக ஆறு தெரியும். உண்மையில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கூட்டம். அந்த ஒளி நம்மிடம் வந்து சேர நானூறு ஆண்டுகளுக்கு மேல் செல்கிறது. அன்றிரவு நாங்கள் கண்ட வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்ட காலத்தில் யாழ்ப்பாண அரசு இருந்தது. போர்த்துக்கேயர் அதை முற்றாகக் கைப்பற்றியது 1619இல்.

சரவணப் பொய்கையில் கிடந்த முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களே வானத்தில் வைக்கப்பட்டார்கள் என்பது நமது கதை. கிரேக்கர்களுக்கும் இதே கூட்டத்தைப் பற்றிக் கதை உண்டு. அவர்கள் அதை ஏழு சகோதரிகள் என்றார்கள். ஓரியன் என்ற வேட்டைக்காரன் துரத்த, அவர்கள் தப்பி ஓடி வானத்தில் ஏறினார்களாம். அந்த ஓரியன்தான் மூன்று வெள்ளிகளை இடுப்புப் பட்டியாகக் கட்டியபடி பக்கத்தில் நிற்பவன். இன்றும் வானத்தில் அவர்களுக்குப் பின்னாலேயே போகிறான்.

நமது வடமொழிப் பழங்கதையில் அதே இடத்தில் ஒரு மான் நிற்கிறது. படைப்புக் கடவுளான பிரசாபதி தன் சொந்த மகள்மேல் ஆசை வைத்து, மான் உருவெடுத்துத் துரத்தினார். தேவர்கள் அதைப் பொறுக்கவில்லை. உருத்திரன் அம்பு எய்தார். வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகளே அந்த அம்பு. சிவந்த ரோகிணியே மகள். கீழே மிகப் பிரகாசமாக நிற்கும் வெள்ளி அம்பு எய்த வேடன். தகப்பனாக இருந்தாலும், கடவுளாகவே இருந்தாலும், பிள்ளைமேல் கை வைத்தால் தண்டனை உண்டு என்பதை இவ்வளவு வெளிச்சமாக எழுதி வைத்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இதை நான் சொன்னபோது ஓர் அம்மா மெதுவாக, "சொல்லத்தான் வேணும்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சமூகவியல் வகுப்பில், ஒரு சமூகம் சொல்லும் கதைகளில் அதன் ஒழுங்குகள் இருக்கும் என்று படித்தோம். அதை நான் சரியாக விளங்கிக்கொண்டது அந்தப் பாயில் இருந்துதான். எங்கள் குழுவில் அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் தன் பிள்ளையோடு சேர்த்து வளர்க்கிற பெண் ஒருவர் இருந்தார். ஊரில் அவரை எல்லோரும் சித்தி என்றே அறிவார்கள். பாடசாலைப் பத்திரத்தில் 'தாய்' என்ற இடத்தில் கையெழுத்து வைக்கும்போதெல்லாம் யாராவது கேள்வி கேட்பார்களாம். கார்த்திகைப் பெண்களின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப பெத்த தாயை விட்டிட்டு, வளர்த்தவையைத்தானே மேல வைச்சிருக்கினம்."

அருந்ததியைக் கண்டவர்

சாமம் நெருங்க வடகிழக்கில் ஏழு முனிவர் கூட்டம் நன்றாக எழுந்துவிட்டது. வடக்கே, அடிவானுக்கு மேலே ஒரு கைமுட்டி உயரத்தில், துருவ வெள்ளி மங்கலாகத் தெரிந்தது. மாற்றாந்தாயால் தகப்பனின் மடியிலிருந்து இறக்கப்பட்ட சிறுவனுக்கு, யாரும் இறக்க முடியாத ஓர் இடம் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

ஏழு முனிவரில் கடைசிக்கு முதல் நிற்பவர் வசிட்டர். அவரோடு ஒட்டியபடி நிற்கும் சிறு வெள்ளிதான் அருந்ததி. கலியாண வீட்டில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நமது வழக்கம். பெரும்பாலும் அது பட்டப்பகலில் நடக்கும். ஐயர் கையைக் காட்டுவார், பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கித் தலையாட்டுவார்கள். யாரும் எதையும் காண்பதில்லை.

எங்களோடு வந்த ஒருவர் 2009இல் கணவரை இழந்தவர். 2021இல் மூத்த மகளுக்குக் கலியாணம் நடந்தபோது, அருந்ததி பார்க்கும் நேரம் அவரைச் சமையல் பக்கம் போய் நிற்கும்படி உறவினர் சொல்லிவிட்டார்கள். தனியாகப் பாடுபட்டு, கடன் வாங்கி, அந்தக் கலியாணத்தை நடத்தியவர் அவர். அன்று அவர் வசிட்டரைக் கண்டுபிடித்து, கண்ணைக் கூர்மையாக்கிப் பக்கத்தில் தேடினார். பிறகு என் தோளைப் பிடித்தார். "கண்டிட்டன் பிள்ளை." சிறிது நேரம் கழித்து, "இதைப் பாக்கக்கூடாதெண்டோ என்னைத் தள்ளி நிப்பாட்டினவை?" என்று கேட்டார். அவர் அழவில்லை. கோபம்தான் இருந்தது. அது நியாயமான கோபம்.

அருந்ததி கற்புக்கு இலக்கணம் என்று கதை சொல்கிறது. வானவியல் சொல்வது வேறு. இரண்டும் எண்பது ஒளியாண்டுக்கு மேற்பட்ட தூரத்தில் இருக்கின்றன. தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது, வசிட்டர் தனி வெள்ளி அல்ல, நான்கு விண்மீன்களின் சேர்க்கை என்று தெரிய வந்தது. அருந்ததியும் ஒன்றல்ல, இரண்டு. ஆக மொத்தம் ஆறு பேர் கொண்ட குடும்பம் அது. பழங்காலத்தில் கண் பார்வையைச் சோதிக்கவும் இந்த இரண்டையும் காட்டுவார்கள். பார்ப்பதற்குத் தேவை நல்ல கண்ணும் இருட்டும்தான். தாலியைக் கேட்டுக்கொண்டு அது வெளிச்சம் காட்டுவதில்லை.

"சின்னவளின்ர கலியாணத்துக்கு இரவில நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டுவன்" என்றார் அந்தத் தாய். பக்கத்தில் இருந்தவர்கள் அதை ஆமோதித்தார்கள். விதவை என்று ஒருவரை மங்கல காரியங்களில் ஒதுக்குவது கல்வீடு உள்ளவர்களிடமும் உண்டு, தகரக் கொட்டிலில் இருப்பவர்களிடமும் உண்டு. அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நாமே, பெண்களே. ஆகவே நிறுத்தக்கூடியவர்களும் நாமே.

அந்தரத்தில் நிற்பவர்

பின்சாமத்தில் இரண்டு மணிக்குப் பிறகு, தெற்கே கடலுக்கு மேல் சிலுவை வடிவில் நான்கு வெள்ளிகள் நிமிர்ந்து நின்றன. கத்தோலிக்க அம்மா ஒருவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று ஞானிகளுக்கு வழிகாட்டிய வால்வெள்ளியின் கதையை அவர் சொல்ல, சிவராத்திரி விரதக்காரர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். தென்சிலுவை என்று உலகம் சொல்லும் இந்தக் கூட்டத்தை நம்மவர்கள் திரிசங்கு என்பார்கள்.

உடம்போடு சுவர்க்கம் போக ஆசைப்பட்ட அரசன் திரிசங்கு. விசுவாமித்திரர் தமது தவவலிமையால் அவனை மேலே அனுப்பினார். இந்திரன் உள்ளே விடாமல் தலைகீழாகத் தள்ளிவிட்டான். விழுந்துகொண்டிருந்தவனை "நில்" என்று முனிவர் நிறுத்தினார். மேலும் போக முடியாமல், கீழும் வர முடியாமல், அந்தரத்தில் நின்றவனுக்காக அங்கேயே ஒரு சுவர்க்கத்தைப் படைத்தார்.

"இது எங்கட கதையெல்லோ" என்றார் ஒருவர். 2009 மே மாதத்தின் பின் கணவரைக் காணாதவர் அவர். பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. மாமியார் வீட்டில் திவசம் செய்யச் சொல்கிறார்கள். மகனோ அப்பா வருவார் என்கிறான். காணி உறுதி, வங்கிக் கணக்கு என்று எங்கே போனாலும் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். ஆள் இறந்ததாக எழுதாமல், காணவில்லை என்பதற்கே சான்றிதழ் பெறும் வழி 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடுதான் வந்தது. அந்தச் சான்றிதழ் சில அலுவல்களுக்கு உதவும். ஆனால் அவர் எங்கே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கதை அந்தப் பதிலைத் தராது. தரும் என்று நான் யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஆனால் தன் நிலைமைக்கு ஒரு பெயர் இருப்பதும், அது வானத்தில் எல்லோரும் பார்க்கும்படி நிற்பதும் அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் உதவியது. "இனி ஆரும் நீ விதவையோ, இல்லையோ எண்டு கேட்டால் உந்த வெள்ளியைக் காட்டுவன்" என்றார். பிறகு, "அந்தரத்தில நிண்டாலும் விழாமல்தானே நிக்கிறார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பி இரண்டு கிழமை ஆகவில்லை. மார்ச் முதலாம் திகதி பின்னேரம் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. சுக்கிரனும் வியாழனும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு மேற்கே நின்றன. "மிஸ், வெளியில வந்து பாருங்கோ." அழைத்தவர்களில், பொழுதுபட்டால் கதவைச் சாத்துகிற அம்மா ஒருவரும் இருந்தார். எல்லோருக்கும் பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இரவில் மேலே பார்க்க இன்னமும் முடியாதவர்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்து கதை மட்டும் கேட்கிறார்கள். அதுவும் போதும்.

நீங்களும் பார்க்கலாம்

இதற்கு நெடுந்தீவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காசும் கருவியும் தேவையில்லை. அமாவாசையை அண்டிய ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். முற்றத்து விளக்கை அணைத்து, தொலைபேசியையும் மூடி வைத்து, இருபது நிமிடம் பொறுங்கள். பாய் விரித்துப் படுத்துப் பார்த்தால் கழுத்து நோகாது. தனியாகப் பார்க்க மனம் இடந்தராவிட்டால் பிள்ளைகளோடு, அயலவரோடு பாருங்கள்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் பொழுதுபட்டதும் கிழக்கே ஆறாமீனைக் காணலாம். மாசி, பங்குனியில் வேடனும் மானும் உச்சியில் நிற்பார்கள். மே மாதம் நமக்குக் கனத்த மாதம். அந்த மாதத்தின் நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் வெளியே வந்தால், வடக்கே அருந்ததியையும் தெற்கே திரிசங்குவையும் ஒரே நேரத்தில் காணலாம்.

உங்கள் ஊர் ஆச்சிமாரிடம் வெள்ளிக் கதைகள் இருக்கும். கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கதையில் வரும் பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னால், முடிவை மாற்றிச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்தக் கதைகள் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ முற்றத்தில் இருந்து சொன்னவைதானே.